ஏழாம் கிணற்றைச் சுற்றி ஒரு பெட்டி

எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நாக்கு உலரும். நான் பக்கத்தில் இருப்பவர்மேல் பாய்வேன். அன்று காலை ஒன்பதே கால் மணிக்கு டீ கொண்டுவந்து வைத்தவரிடம், "சக்கரை வேண்டாம்னு எத்தன தடவ சொல்றது?" என்று எரிந்து விழுந்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் பயந்திருக்கிறேன். பாவம், அந்த மனுஷன் சர்க்கரை போடவே இல்லை.

காரணம் கணினித் திரையில் இருந்த ஒரு கோடு. எங்கள் ஏழாம் எண்ணெய்க் கிணற்றின் அழுத்தத்தைக் காட்டும் கோடு. வால்வு மாற்றுவதற்காக அந்தக் கிணற்றை நான்கு நாளாக மூடி வைத்திருந்தார்கள். மூடிய கிணற்றில் அழுத்தம் மெல்ல ஏறும், பிறகு ஒரு இடத்தில் போய் அசையாமல் நிற்கும். இதுவும் முந்தின நாளே அடங்கிவிட்டது. ஆனால் இன்று காலை ஒன்பது பத்துக்கு மறுபடி ஏறியிருந்தது. ரொம்ப இல்லை, நகக்கண் அளவு. இருந்தாலும் மூடிய கிணறு தானாக ஏறாது. எங்கிருந்தோ யாரோ தள்ள வேண்டும்.

அந்த வட்டாரத்தில் அன்று நிலத்துக்குள் எதையாவது தள்ளிக்கொண்டிருந்தது ஒரே ஒரு இடம்தான். தொள்ளாயிரம் மீட்டர் தள்ளிப் புதிதாகத் துளைத்துக்கொண்டிருந்த பன்னிரண்டாம் கிணறு. துளைக்கும் இயந்திரமான அந்த ரிக்கில் பிரேக்கைப் பிடித்து நிற்கும் டிரில்லர் என் தம்பி.

அவனை அங்கே மாற்றிக் கொண்டுவந்ததே நான்தான். முன்பு கடலுக்குள் இருக்கும் ரிக்கில் இருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, பாதி நாள் தூங்கிவிட்டுப் போவான். அம்மாவின் புலம்பல் தாங்காமல் நாலு பேர் காலைப் பிடித்து, "பக்கத்துலயே இருக்கட்டும், கண்ணு முன்னாடி இருப்பான்" என்று வாங்கிக் கொடுத்தேன். அம்மா அன்றைக்கு என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். நாற்பத்தி நாலு வயதுக்காரியின் கன்னத்தை!

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நிலத்துக்கடியில் ஏரி மாதிரி தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பாறைக்குள் இருக்கிறது. எங்கள் பாறையோ சரியான கஞ்சன்; வைத்திருப்பதைக் கொடுக்காது. கிணற்றுக்கு எண்ணெய் வந்து சேருவது அதில் ஓடும் வெடிப்புகள் வழியாக. மயிரிழை வெடிப்பும் இருக்கிறது, கை நுழையும் வெடிப்பும் இருக்கிறது. எது எங்கே போகிறது என்று பார்த்தவர் யாருமில்லை. இரண்டரை கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய் எட்டிப் பார்க்க முடியுமா? அதனால் கணினியில் ஒரு போலி நிலத்தைக் கட்டி, அதற்குள் எண்ணெயை ஓடவிட்டு, நிஜக் கிணறு கொடுப்பதும் போலிக் கிணறு கொடுப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம். அதுதான் மாடல். அதைப் பார்த்துத்தான் அடுத்த கிணற்றை எங்கே போடுவது என்று முடிவு செய்வார்கள். பன்னிரண்டாம் கிணறு என் மாடலைப் பார்த்துப் போட்டது.

எட்டு மாதத்துக்கு முன் அந்த மாடலைக் கட்டியபோது ஏழாம் கிணறு மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் பாறை கொடுக்க வேண்டியதைப் போலப் பதினாலு மடங்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் தலைக்கு மேல் வந்து நின்றது. கடைசியில், இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். மாடலில் ஏழாம் கிணற்றைச் சுற்றி ஒரு சதுரப் பெட்டி வரைந்து, பெட்டிக்குள் இருக்கும் பாறை மட்டும் பதினாலு மடங்கு சுலபமாக எண்ணெயை விடும் என்று எழுதிவிட்டேன். கோடும் கோடும் அச்சாகப் பொருந்திவிட்டது. மேலே இருப்பவர்கள் பாராட்டினார்கள். ஏன் பதினாலு, ஏன் பெட்டி, இயற்கை எங்கேயாவது சதுரமாக வரையுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கேட்டுக்கொண்டேன். கிணற்றைச் சுற்றிப் பாறை நன்றாக இல்லை என்றால், அந்தப் பதினாலு மடங்கு எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய வெடிப்பு. நீளமான ஒன்று. தொள்ளாயிரம் மீட்டர் தாண்டி, பன்னிரண்டாம் கிணறு இறங்கும் பாதை வரைக்கும் போகிற ஒன்று.

எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சராசரி. எதைக் கொடுத்தாலும் கூட்டி வகுத்துவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதலில் வந்து நிற்பார். தலைவலி என்றால் தன் பையிலிருந்து மாத்திரை எடுத்துத் தருவார்.

"சார், ஏழு ஏறியிருக்கு. பன்னெண்டுல உள்ள போற மட் இங்க வந்து தள்ளுதுன்னு நெனைக்கிறேன்."

துளைக்கும்போது குழாய் வழியாக உள்ளே அனுப்பும் கனமான சேற்றுக் குழம்பைத்தான் மட் என்போம். அதன் எடைதான் கீழே இருக்கும் வாயுவை மேலே வரவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. பெரிய வெடிப்பில் துளைப்பான் போய் விழுந்தால் மட் மொத்தமும் அதற்குள் ஓடிவிடும். அப்புறம் வாயுவைப் பிடித்துவைக்க ஆளில்லை. அது துளை வழியாக மேலே வரும். மேலே ஆட்கள் நிற்கிறார்கள்.

சராசரி திரையை எட்டிப் பார்த்தார். "கேஜ் நடிக்குதும்மா. அழுத்தத்த அளக்குற கருவி பழசு. நேத்தையதையும் இன்னிக்கியதையும் சேத்து சராசரி எடுத்துப் பாருங்க, நேர்கோடா வரும்."

"எல்லாத்தையும் சேத்தா எல்லாமே நேர்கோடுதான் சார். உங்க தலையையும் என் தலையையும் சேத்துப் பாத்தா ரெண்டு பேருக்கும் பாதி முடி இருக்கும்."

அவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வெளியே வந்து, அவரைக் கேட்காமலே ரிக்குக்குப் போன் போட்டேன்.

ரிக்கில் டிரில்லர்கள் கையில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. மேற்பார்வையாளரின் அறையில் ஒரு போன் உண்டு, அவ்வளவுதான். அவரைக் கடப்பாரை என்பார்கள். ஆறடி உயரம், எதற்கும் வளைய மாட்டார்.

"சார், காலைல மட் ஏதாவது கொறஞ்சுதா?"

"நாலு பேரல் போச்சு. இதெல்லாம் சகஜம்மா. தாகத்துக்கு ரெண்டு மடக்குக் குடிக்காத பாறை ஏது?"

"எத்தன மணிக்கு?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஒம்போது அஞ்சு."

ஒன்பது ஐந்துக்கு அங்கே குறைந்தது, ஒன்பது பத்துக்கு இங்கே ஏறியது. ஐந்தே நிமிஷத்தில் அழுத்தம் இங்கே வந்து சேர்ந்தால், நடுவில் திறந்த வெடிப்பு ஓடுகிறது. துளைப்பான் அதன் ஓரத்து மயிரிழை ஒன்றைத்தான் இன்னும் தொட்டிருக்கிறது. பெரியது கீழே எங்கோ காத்திருக்கிறது. எவ்வளவு கீழே?

"சார், நிறுத்துங்க," என்றேன்.

"யார் சொல்றது? மேனேஜரா?"

"நான் சொல்றேன். மாடல்ல நான் தப்புப் பண்ணிட்டேன். ஏழைச் சுத்திப் பெட்டி போட்டு மூடிட்டேன். அங்க பெரிய வெடிப்பு ஒண்ணு இருக்கு சார், உங்க பக்கம்தான் வருது. என் தப்பு."

இருபது வருஷ வேலையில் இந்த இரண்டு வார்த்தையை நான் வாயால் சொன்னதில்லை. வீட்டில்கூடச் சொன்னதில்லை, கேட்டால் அம்மா சாட்சி சொல்வாள். கடப்பாரை யாரிடமோ உரக்க, "நிறுத்தச் சொல்லு, மட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கட்டும்" என்று சொன்னது கேட்டது. மறுபடி என்னிடம் வந்தார்.

"ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினாலு மீட்டர்ல நிக்கிறோம். எவ்வளவு கீழ இருக்கு?"

"மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் குடுங்க."

"குடுத்தேன். அதுக்கு மேல என்னால மேல இருக்கறவங்களுக்குப் பதில் சொல்ல முடியாது."

பெட்டியை அழித்தேன். அதன் இடத்தில் ஒரு நீளமான வெடிப்பை வரைந்து, ஏழிலிருந்து பன்னிரண்டு நோக்கி இழுத்து, எண்ணெயை ஓடவிட்டேன். முதல் தடவையிலேயே ஏழாம் கிணறு பசு மாதிரி நின்றது. எட்டு மாதத்துக்கு முன்பே இதைச் செய்திருந்தால் நாலு மணி நேர வேலை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் கேள்வி அது இல்லை. வெடிப்பு துளைப்பானுக்கு எவ்வளவு கீழே? அகலமான வெடிப்பு என்றால் நாற்பது மீட்டர் கீழே இருந்தாலும் காலையில் ஏறிய அந்த நகக்கண் வந்துவிடுகிறது. ஒடுக்கமானது என்றால் இரண்டு மீட்டரில் இருந்தாலும் அதே நகக்கண். இரண்டுக்கும் கோடு ஒன்றுதான். மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் மாடல், "ஆமாம், இதுவும் சரிதான்" என்றது. எல்லாவற்றுக்கும் தலையாட்டும் அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரம் எந்த அளவுக்கு வந்ததோ அந்த அளவுக்குப் பயந்திருந்தேன்.

ஒன்றரை மணிக்குச் சராசரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ரிக்கை நிறுத்திய செய்தி அவருக்கு மேலே உள்ளவர்கள் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. ஆனாலும் கத்தவில்லை.

"சரி, வெடிப்பு இருக்குன்னே வெச்சுக்குவோம். நம்பர் என்ன?"

"ரெண்டுல இருந்து நாப்பது வரைக்கும் எது வேணா இருக்கலாம்."

"இப்படிச் சொன்னா அவங்க என்ன செய்வாங்க? ரிக்ல நிக்கிறவனுக்கு ஒரு நம்பர் வேணும்மா."

"இல்லாத நம்பரை எங்கிருந்து சார் கொண்டாறது? இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கறேன். அதுவரைக்கும் ஒரு மீட்டர்கூட இறங்க வேண்டாம்."

அவர் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும். போகவில்லை. திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் அம்மா போன் செய்தாள். "தம்பி இன்னிக்குச் சாயங்காலம் வரானாடி? அவன் ரூம் பெட்ஷீட்டத் தோய்க்கப் போட்டேன், காயல."

"வேலையா இருக்கேன்மா, வை!" என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு நாற்பதுக்கு மெயில் பெட்டியைத் திறந்தேன். இரண்டு பத்துக்கே ஒரு மெயில் ரிக்குக்குப் போயிருந்தது. எனக்கு நகல் வந்திருந்தது. "பெரிய வெடிப்பு தற்போதைய ஆழத்திலிருந்து இருபத்தொரு மீட்டர் கீழே எதிர்பார்க்கப்படுகிறது. பதினைந்து மீட்டர் வரை தொடர்ந்து துளைக்கலாம்." இரண்டையும் நாற்பதையும் கூட்டி, இரண்டால் வகுத்திருக்கிறார். கீழே 'கணக்கீடு' என்று போட்டு, என் பெயர், என் பதவி.

போனை எடுத்து ரிக் நம்பரை அழுத்தினேன். பிஸி. மறுபடி. பிஸி. மூன்றாவது தடவை வேறு எங்கோ போய், ஒரு பெண், "ராங் நம்பர்ங்க" என்றாள். அவளைத் திட்டினேனா கும்பிட்டேனா நினைவில்லை. இரண்டு ஐம்பதுக்குத்தான் கடப்பாரை எடுத்தார்.

"நிறுத்துங்க! அந்த நம்பர் பொய்!"

"உங்க பேர்தானே போட்டிருக்கு?"

"நான் போடல. எனக்குத் தெரியாது சார். காலடியிலயும் இருக்கலாம், நாப்பது மீட்டர்லயும் இருக்கலாம், எனக்கு நிஜமாவே தெரியாது. என் தம்பி அங்க நிக்கிறான் சார், நிறுத்துங்க!"

அவர் போனை மேஜையில் போட்டுவிட்டு ஓடினார். தடதடவென்று இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம். கதவு காற்றில் அடித்துக்கொண்டது. தூரத்தில் இயந்திரத்தின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அந்த உறுமலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது திடீரென்று மாறினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஒரு நிமிஷம் இருக்கும், ஒன்றரை நிமிஷம் இருக்கும். எனக்கு அதுவரை வாழ்ந்ததைவிட நீளமாக இருந்தது. உறுமல் தணிந்தது. பூட்ஸ் திரும்பி வந்தது.

"நிறுத்தியாச்சு. இப்பதான் ஆரம்பிச்சிருந்தாங்க, பயப்படாதீங்க," என்றார், மூச்சு வாங்க. "சரி, தெரியாதுன்னா தெரியாது. நான் இங்கயே கேசிங்கை இறக்கிடறேன். அப்புறம் என்ன வந்தாலும் பாத்துக்கலாம்."

கேசிங் என்பது துளைக்குள் இறக்கிச் சிமென்ட் போட்டு இறுக்கும் எஃகுக் குழாய். அதைப் போட்டுவிட்டால் மேலே உள்ள பாறை பத்திரம். அதன் பிறகு வெடிப்பில் விழுந்தாலும் கிணற்றின் வாயை மூடிச் சமாளிக்கலாம். ஐந்து நாள் வேலை. ஒரு நம்பர் சொல்லத் தெரியாதவளை நம்பி நாற்பத்தோரு பேர் ஐந்து நாள் குழாய் இறக்க வேண்டும்.

அன்று மாலையே என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் கிணற்றின் தினசரி அறிக்கை எனக்கு வருவது நின்றது. சராசரி கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க மேல கோபம் இல்லம்மா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க." மாத்திரை ஏதும் தரவில்லை. அலுவலகத்தில் எனக்குப் புதுப் பெயரும் வந்துவிட்டது: பயந்தாங்கொள்ளி. நான் தண்ணீர் பிடிக்கப் போனால், "பாத்து, காலடியில வெடிப்பு இருக்கப் போகுது" என்று ஒருவர் சொன்னார், நாலு பேர் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு போனதே அவர்களுக்குப் பெரிய அதிசயம்.

அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாத ஒரு அசிங்கம் மனசுக்குள் உட்கார்ந்திருந்தது. வெடிப்பு அங்கே இல்லை என்றால் என் மானம் போகும். இருந்துவிட்டால் என் தம்பியின் காலுக்குக் கீழே இருக்கும். குளிக்கும்போது, பல் தேய்க்கும்போது, என்னையறியாமல், இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த மறுகணம் தலையில் அடித்துக்கொள்வேன். சீ, நீ ஒரு அக்காவா!

கேசிங் வேலையில் வீட்டுக்கே வராத தம்பி போனில் இரண்டு தடவை பேசினான். வழக்கமாக வாய் ஓயாது. என் சமையலிலிருந்து என் கண்ணாடி வரைக்கும் கிண்டல் செய்வான். இந்தத் தடவை, "ம்", "சரிக்கா", "அம்மாகிட்டக் குடு" என்பதோடு சரி. அவனுக்கும் என்னால் வெட்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். ரிக்கில் எல்லாரும், 'உங்கக்கா பண்ணின கூத்து' என்று அவன் காதுபடப் பேசியிருப்பார்கள். அதையும் விழுங்கிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலையில் மறுபடி துளைப்பை ஆரம்பிப்பார்கள் என்று தெரியும். விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடித்த துணியை நான் எடுத்து மறுபடி மடித்தேன். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. போன் வரவில்லை. பன்னிரண்டரைக்கு நானே கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மேற்பார்வையாளர் அறையில் யாருமே இல்லை. எல்லாரும் எங்கே போனார்கள்? நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னடி, மயக்கமா?" என்று அம்மா தண்ணீர் எடுக்கப் போனாள்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. தம்பி.

"அக்கா."

குரலைக் கேட்டதும் உசிர் போய் உசிர் வந்தது. "டேய், எங்கடா இருக்க? எல்லாரும் இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்கோம். ஒருத்தனுக்கு முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். மட் மொத்தமும் போச்சுக்கா. ஒரு நிமிஷத்துல டேங்க் காலி. நான் இப்படி ஒண்ணப் பாத்ததே இல்ல. வாயு வந்துச்சு, வால்வ மூடிட்டோம். கேசிங் தாங்குச்சு. இப்பதான் அடங்குச்சு."

"எவ்வளவு ஆழத்துல?"

"ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினேழு."

பதினாலிலிருந்து பதினேழு. நான் விரலை மடக்கினேன். "மூணு மீட்டர். மெயில்ல பதினஞ்சு மீட்டர் போகலாம்னு இருந்துச்சு. அவங்க சொன்னபடி போயிருந்தா…"

"மூணு இல்லக்கா."

"என்ன மூணு இல்ல?"

அவன் பின்னால் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு நீ போன் பண்ணி நிறுத்தினப்போ, இப்பதான் ஆரம்பிச்சோம்னு சார் உன்கிட்டச் சொன்னாரு. நீ பயந்துடுவேன்னு சொன்னாரு. நான் அப்பவே ரெண்டே முக்கால் மீட்டர் இறங்கியிருந்தேன். அங்கதான் கேசிங்கப் போட்டோம். இன்னிக்கு அதுக்குக் கீழ ஒரு சாண் போனதும் விழுந்துருச்சு."

கேசிங் இல்லாமல், வால்வு தயாராக இல்லாமல், நாற்பத்தோரு பேரோடு, ஒரு சாண். அவன் வேகத்துக்கு அது இரண்டு நிமிஷம்கூட இல்லை. நான் அந்த ராங் நம்பர் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த நேரம்.

"ஏன்டா போன?" என்று கத்தினேன். அம்மா காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். "காலைல நிறுத்தினது நான்னு தெரியும்ல? அப்புறம் பதினஞ்சு மீட்டர் போகலாம்னு வந்தா, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணலயாடா உனக்கு? சார்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?"

"சாரே கேட்டாரு. 'என்னப்பா, காலைல ஒண்ணு சொல்றாங்க, இப்ப ஒண்ணு சொல்றாங்க, திருப்பி ஒரு தடவ கேக்கட்டுமா'ன்னு போன கையில எடுத்தாரு. நான்தான் வேண்டாம்னேன்." அவன் குரல் உடைந்தது. "வேற யார் பேர் போட்டிருந்தாலும் கேக்கச் சொல்லியிருப்பேன்கா. கீழ உன் பேரு இருந்துச்சு."

அவன், "அக்கா, அக்கா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.